பில்லின் பின்பக்கம்

பேசாலையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர், பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து என் மேசையில் வைத்தார். "மணந்து பாருங்கோ சேர். அறை குளிருது, ஆனால் ஒண்டும் காயுதில்லை."

பூஞ்சண மணம்.

வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் படுக்கையறைக்கு 24,000 பி.ரி.யு. ஏசி பூட்டியிருந்தார். போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தகரக் கூரை, கீழே சீலிங். மெஷின் ஐந்து நிமிடம் ஓடியது, நின்றது. வெளிச்சுவரில் தண்ணீர் வடியும் குழாயின் கீழே வைத்திருந்த வாளி காய்ந்து கிடந்தது. வழக்கு அந்த வாளியில்தான் இருந்தது. மன்னார்த் தீவின் கடற்காற்றில் ஏசிக்குச் சூட்டைக் குறைப்பது மட்டும் வேலையல்ல, ஈரத்தையும் இறக்க வேண்டும். உள்ளே இருக்கும் சுருள் தொடர்ந்து குளிர்ந்திருந்தால்தான் ஈரம் தண்ணீராகி வடியும். அளவுக்கு மிஞ்சிய மெஷின் அறையைச் சட்டென்று குளிராக்கி நின்றுவிடும். சுருளில் படிந்த ஈரத்தை விசிறி மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

கடைக்காரரின் பதில் சுருக்கமானது: "மெஷினில பழுதில்லை. பெரிசு கேட்டா, குடுத்தம்."

பாவனையாளர் அதிகார சபைக்கு, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ரீச்சர் என்னிடம் வந்தது ஐந்தாம் மாதம். மிஞ்சியது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 15 ஆம் பிரிவு. இன்ன தேவைக்கென்று தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: 24,000 என்ற அளவை முடிவுசெய்தது யார்?

"பில் இருக்கா ரீச்சர்?"

இருந்தது. முன்பக்கத்தில் விலையும் மொடலும் மட்டும். திருப்பினேன். பூட்ட வந்த தம்பி பென்சிலால் கிறுக்கியிருந்தான்: "10×12, தகரம், 24 போடலாம்." அளந்தவரும் அவர்கள், அளவு சொன்னவரும் அவர்கள்.

முதலில் இணக்கசபைக்குப் போகச் சொன்னேன். அங்கே என்னைப் போன்ற சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. பில்லோடு ரீச்சரே போய்ப் பேசினார். மீன் வியாபாரம் செய்த உறுப்பினர் ஒருவர் கடைக்காரரைக் கேட்டாராம்: "ரெஜிபோம் பெட்டியில எவ்வளவு மீன் எண்டு பாக்காமல் நாங்கள் ஐஸ் வாங்குவமோ?" அவர் கேட்டது வெறும் உவமையல்ல. ஏசிக்குச் சொல்லும் "தொன்" என்பதும் பழைய ஐஸ் கணக்கே. 2,000 இறாத்தல் ஐஸை 24 மணித்தியாலத்தில் உருக்கும் சூடுதான் ஒரு தொன், மணிக்கு 12,000 பி.ரி.யு. அந்தச் சின்ன அறைக்கு ரீச்சர் வாங்கியது இரண்டு தொன்.

அன்றே இணங்கினார்கள். 12,000 மெஷின் மாற்றிக் கொடுத்து, விலை வித்தியாசத்தையும் கடை திருப்பியது. பூட்டுக்கூலி ரீச்சருடையது. அடுத்த கிழமை போன் எடுத்தார்: "வாளி நிரம்புது சேர்."

ஏசி வாங்கும் உறவுகளுக்கு ஒரு சொல்: அறையின் நீளம், அகலம், கூரை, மேற்கு வெயில், படுப்பவர் எத்தனை பேர் என்பதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும் அளவைப் பில்லின் முன்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லோருக்கும் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து வாய்க்காது.