மூன்றாவது சக்கரம்

உலகத்தில் பந்தயங்களுக்குக் குறைவில்லை. ஓட்டப் பந்தயம், படகுப் பந்தயம், மாட்டுவண்டிப் பந்தயம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், முதலில் வருகிறவனுக்கே மாலையும் மரியாதையும். மூன்றாவதாக வருகிறவனைப் பற்றிக் கவலைப்பட அவனுடைய தாய் தகப்பனாரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. ஆனால், மூன்றாவது ஆள் கோட்டைத் தொடுகிற வரையில் கடிகாரத்தை நிறுத்தாமல் காத்திருக்கிற பந்தயம் ஒன்று உண்டு என்று சொன்னால், நேயர்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ! சில வருஷங்களுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால், நானே அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எண்ணியிருப்பேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். இருபது வருஷ காலமாகக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுவது எங்கள் தொழிலின் சம்பிரதாயம். அப்படிப்பட்டவனுக்கு இந்த விசித்திரமான விதியைப் போதித்தது பல்கலைக்கழகம் அல்ல. கோவில்பதாகையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு சைக்கிள் கடைதான்.

கோவில்பதாகை ஆவடிக்குப் பக்கத்தில், பெரியதோர் ஏரியை அணைத்துக்கொண்டு இருக்கிற ஊர். இந்த வட்டாரத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1949-ஆம் வருஷத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தோன்றியது. 1951-ல் அங்கே செய்த முதல் ஹெர்குலிஸ் சைக்கிள் வெளிவந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்த நாட்களில் ஷிப்டு விட்டுச் சங்கு ஊதினால், தெருவெல்லாம் சைக்கிள் வெள்ளம் பாயும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அரசாங்கத்தின் இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்தது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் புதிதல்ல. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்பதுதான் புதிது.

அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டுவந்தவர் சைக்கிள் கடைக்காரர். ஊரில் எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே. பஞ்சர் ஒட்டுவதிலும், கோணிய ரிம்மை நிமிர்த்துவதிலும் அவருக்கு நிகர் அவரே. வாலிபத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். கடைக்கு வருகிற பையன்களில் நான்கு பேரைப் பொறுக்கி ஓர் அணி சேர்த்தார். நால்வரும் என்னிடம் படித்தவர்கள். ஒருவன் கொத்தனார் மகன். காற்றுக்குக் கால் முளைத்தாற் போன்றவன். இன்னொருவன் கல்லூரி மாணவன். மூன்றாமவன் தன் தகப்பனாரோடு இஸ்திரி வண்டியில் நின்று துணி தேய்க்கிறவன். நாலாமவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்டு வேலை செய்கிறவன். நேரத்தைக் குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று பாய் என்னைக் கேட்டார். கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் வேறு என்ன இருக்கிறது?

பந்தயத் தடத்துச் சைக்கிளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிரேக் கிடையாது; ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரையில் பெடலும் சுற்றும். பெடல் சுற்றுகிற வரையில் காலும் சுற்றியே தீரவேண்டும். காலை எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க முடியும். இந்தச் சமாசாரத்தை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "பிரேக் இல்லாத சைக்கிளா? அந்தக் கடைக்காரருக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டாள். காரணம் இருக்கத்தான் இருக்கிறது. ஒருவன் சக்கரத்துக்கும் அடுத்தவன் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் தூரமே விட்டு ஓட்டுகிற இடத்தில், ஒருவன் சட்டென்று பிரேக்கைப் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். பிரேக் இல்லாமையே அங்கே பாதுகாப்பு!

ஆனால் அந்தச் சைக்கிளைத் தெருவில் ஓட்ட பாய் ஒருநாளும் சம்மதித்ததில்லை. தெருவில் பழக்கம் எல்லாம் பிரேக் உள்ள சைக்கிளில், விடியற்காலையில். தடத்துச் சைக்கிள்கள் நான்கையும் — இரண்டு பழையதாக வாங்கியவை, இரண்டு இரவல் — 'குட்டி யானை' என்று நம் ஜனங்கள் செல்லமாய் அழைக்கும் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து மேலக்கோட்டையூர் போவோம். வண்டலூருக்கு அப்பால் உள்ள அந்த ஊரில், உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில், 1995-ஆம் வருஷம் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவுக்காகக் கட்டிய சைக்கிள் பந்தயத் தடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. வளைவுகளில் தடம் சுவர்போல் சாய்ந்து எழும்பும். வேகமாய்த் திரும்புகிறவனை வெளியே தூக்கி எறியப் பார்க்கிற விசையை அந்தச் சாய்வு தாங்கிக்கொள்கிறது. மெதுவாகப் போனால்தான் சறுக்கும். வேகமாகப் போனால் நிலைக்கும். புதுடில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அமைத்த 250 மீட்டர் மரத்தடத்தைப் போன்ற குறுகிய தடங்களில், சாய்வு நாற்பது பாகையைக்கூடத் தாண்டும்.

எங்கள் அணி எடுத்துக்கொண்டது 'டீம் பர்ஸ்யூட்' என்னும் குழுத் துரத்தல் பந்தயம். 1908 முதல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 2012 முதல் பெண்களுக்கும் உள்ள பந்தயம் இது. தடத்தின் இரு பக்கங்களிலிருந்து இரண்டு அணிகள் ஒரே சமயத்தில் கிளம்பி, நான்கு கிலோமீட்டர் ஒன்றையொன்று துரத்தும். முன்னால் போகிறவன் காற்றைப் பிளந்துகொண்டு போகிறான். அவன் முதுகு மறைவில் வருகிறவனுக்குச் சிரமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகையால் முன்னவன் சிறிது தூரம் இழுத்துவிட்டு, வளைவின் சரிவில் மேலே ஏறி, மற்றவர்களைக் கீழே போகவிட்டு, வரிசையின் வாலில் வந்து சேர்ந்துகொள்வான். நால்வரில் ஒருவன் களைத்து விலகினால் தவறில்லை. ஆனால் அணியின் நேரம், மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் கணக்காகும். முதலாமவன் எத்தனை விநாடி முன்னால் வந்து நின்றாலும் அதனால் அணிக்குக் காலணாப் பிரயோசனம் கிடையாது.

மூவர் ஓட்டும் குழு ஸ்பிரிண்டிலும் இதே தர்மந்தான். முதலாமவன் ஒரு சுற்று உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு விலகிவிடுவான்; இரண்டாமவன் அடுத்த சுற்றோடு விலகுவான்; மூன்றாமவன் தனியாய் வந்து முடிப்பான். 2019-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், நிகோபார் தீவிலிருந்து வந்த எசோ ஆல்பனும், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் என்னும் இருவரும் இந்தப் பந்தயத்தில்தான் பாரத தேசத்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் சைக்கிள் வீரர்கள் பதக்கமின்றித் திரும்பினார்கள். அதற்கும் இதற்கும் இடையே எழுபது வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

எங்கள் அணிக்கு வந்த சங்கடம் கொத்தனார் மகனுடைய வேகத்தினால் வந்தது. அவன் முன்னால் வந்தால் போதும், வரிசை அறுந்துவிடும். இஸ்திரிக் கடைப் பையன் ஒரு சக்கரத் தூரம் பின்தங்குவான். மறைவு போய்விட்டதனால் காற்று முழுவதும் அவன் மார்பில் மோதும். அடுத்த வளைவில் இடைவெளி மூன்று சக்கரமாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், கொத்தனார் மகன் மிக வேகமாய் இழுத்த நாட்களில்தான் அணியின் நேரம் அதிகமாயிருந்தது. என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். பையன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"முன்னாடி போறவனுக்கு முதுகுல கண்ணு வேணும்பா" என்றார் பாய்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கொத்தனார் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"சார், என் பையன் தனியா ஓட்டினா மெடல் வாங்குவான்னு எல்லாரும் சொல்றாங்க. மெடலு இருந்தா சர்ட்டிபிகேட்டு. சர்ட்டிபிகேட்டு இருந்தா விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு வேலைக்கு எழுதிப் போடலாம். காலையில இந்த மூணு பேரோட ஓட்டிக் காலை ஓய வெச்சுட்டு, சாயந்திரம் தனியா எப்படி ஜெயிப்பான்? நீங்க சொன்னா கேட்பான், சார்."

நேயர்களே, அந்தக் கேள்வியை அற்பம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. வெயிலில் செங்கல் சுமந்து பிள்ளையைப் படிக்க வைத்தவர், அவனுக்கு ஓர் உத்தியோகம் வேண்டும் என்று விரும்புவது பேராசையா? ஒத்துழைப்பின் மகிமையைப் பற்றி அவரிடம் பிரசங்கம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் நான். "நீங்களும் வந்து பாருங்கள். முடிவைப் பையனே சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் குட்டி யானையில் எங்களோடு ஏறிக்கொண்டார். பையன், "ரெண்டும் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டான்.

காலைப் பந்தயத்தில் எங்களுக்கு எதிரே வந்தது நல்ல சைக்கிள்களும் நல்ல பழக்கமும் உள்ள அணி. முதல் இரண்டு கிலோமீட்டர் எங்கள் பிள்ளைகள் ஒரே கயிற்றில் கோத்த மணிகள்போல் போனார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் ராத்திரி ஷிப்டுக்காரன் முன்னால் வந்தான். முந்தின ராத்திரி தூங்காத உடம்பு. தன் முறைக்கு ஒரு சுற்று போதும். அவனோ இரண்டு சுற்று இழுத்தான். பிறகு சரிவில் மேலே ஏறியவன் வரிசைக்குத் திரும்பவேயில்லை. மூவர் மிஞ்சினார்கள். இனி யாரும் விலக முடியாது.

கொத்தனார் மகன் முன்னால் வந்தான். எதிரணி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. இஸ்திரிக் கடைப் பையன் அரைச் சக்கரம் தங்கினான். ஒரு சக்கரம் தங்கினான். தடத்தின் ஓரத்தில் நின்ற பாய் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார். பையன் அதைப் பார்த்தானா, சக்கரச் சத்தத்தைக் கேட்டே உணர்ந்தானா என்பது அவனுக்கே வெளிச்சம். ஒரு மூச்சு நேரம் காலின் அழுத்தத்தைத் தளர்த்தினான். இடைவெளி மூடியது. மூன்று சக்கரங்களும் ஏறக்குறைய ஒன்றாய்க் கோட்டைக் கடந்தன. என் கையிலிருந்த கடிகாரம், அதுவரை எங்கள் அணி காணாத நேரத்தைக் காட்டியது.

வெற்றி எதிரணிக்குத்தான். சாயங்காலம் தனிப் பந்தயத்தில் கொத்தனார் மகனின் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. அதிலும் பதக்கம் கிடைக்கவில்லை.

தகப்பனார் என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். மகனுக்குக் கொடுக்குமுன், "அந்த நாலாவது பையன் எங்கே?" என்று கேட்டார். ராத்திரி ஷிப்டுக்காரன் புல்தரையில் மல்லாந்து படுத்திருந்தான். முதல் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கட்டடம் முடிஞ்சதும் சாரத்தைப் பிரிச்சுடுவோம், சார். பாக்கறவங்க கண்ணுக்குச் சாரம் தெரியாது. அதுக்காகச் சாரம் இல்லாம சுவரு எழும்புமா?"

இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

நற்செய்கைக்கு உடனே பரிசு கிடைத்துவிட்டது என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை. கொத்தனார் மகனுக்கு இன்னும் உத்தியோகம் கிடைக்கவில்லை. பகலில் படிக்கிறான், மாலையில் பாய் கடையில் செயின் மாட்டுகிறான், விடியற்காலையில் புதிதாகச் சேர்ந்த சிறுவர் சிறுமியருக்கு ஒரு சாண் இடைவெளியில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். தகப்பனாரின் கவலை தீர்ந்தபாடில்லை. அது நியாயமான கவலைதான். திறமையுள்ள ஏழைப் பிள்ளை, தோழனுக்காகக் காத்திருப்பதா, தன் பிழைப்பைப் பார்ப்பதா என்று தவிக்க வேண்டிய நிலைமை இருக்கும் வரையில், நாம் விளையாட்டை வளர்க்கிறோம் என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

சைக்கிள் பிறந்த அம்பத்தூருக்கும், சைக்கிளில் வளர்ந்த ஆவடிக்கும் பக்கத்திலேயே ஒரு தடம் வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். குட்டி யானைக்குக் கொடுக்கிற வாடகையில் பிள்ளைகளுக்கு நல்ல டயர் வாங்கலாம். ராத்திரி வேலை பார்க்கிறவன் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். அது வருகிற வரையில், மேலக்கோட்டையூரில் பந்தயம் நடக்கிற நாளில் வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். மரத்தடி நிழலில் உட்கார்ந்து பாருங்கள். குழுத் துரத்தல் தொடங்கியதும் குழந்தைகள், "யார் முதலில் வருகிறார்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். மூன்றாவதாக வருகிற சக்கரத்தைக் காட்டிக் கொடுங்கள். பந்தயம் முடிந்த பிறகு, வழியில் விலகிப்போன நாலாவது பிள்ளை எங்கே இருக்கிறான் என்றும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.