ஊறட்டும், பிறகு தேய்க்கலாம்

பிள்ளைகளே, அடிப்பிடித்த பாத்திரத்தைக் கண்டதும் சுரண்டத் தொடங்காதீர்கள். எழுபது வயதைக் கடந்த நான், அடுப்படியில் கற்ற ஒன்றை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன்.

நான் வளர்ந்தது சித்தூரில். 1911-இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த ஊர். வீட்டுக்குள் களி என்போம். தெருவில் இறங்கினால் தெலுங்கில் அதுவே சங்கடி. நொய் வெந்து குழைந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவார் அம்மா. ஒருநாள் அடுப்பை என்னிடம் விட்டுப் போனார். என் கவனம் வாசலுக்குப் போனது. ஈயம் பூசிய பித்தளைப் பானையின் அடி கரிந்தது. பயத்தில் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "கரியோட ஈயமும் போயிடும் கண்ணு. ஊறட்டும்" என்றார்.

சூடு தணிந்தபின் வெந்நீர் ஊற்றி இரவெல்லாம் விட்டார். காலையில் கரி ஏடு ஏடாகக் கழன்றது. உள்ளே துணியால் துடைத்தார். வெளிப்பக்கப் புகைக்கரிக்குத் தேங்காய் நாரும் சாம்பலும்; களிம்புக்குப் புளியும் உப்பும். அன்று அவர் திட்டவில்லை. கரியை எடுக்கப் போய் ஈயத்தை இழக்கக் கூடாது என்பது என் விஷயத்திலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

திருமணமாகித் திருப்பதிக்கு வந்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் தீய்ந்தால் தண்ணீரோடு ஆப்பசோடா போட்டுக் கொதிக்கவைப்பேன், பளிச்சென்று ஆகிவிடும். அதே வைத்தியத்தை அலுமினியப் பாத்திரத்துக்கும் செய்தேன். அது மேலும் கறுத்தது. சோடாவின் காரம் அலுமினியத்தை அரிக்கும். புளித்தண்ணீரைக் கொதிக்கவை என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. புளிப்பில் கறுப்பு வெளுத்தது. பிள்ளைகளை வளர்க்கும்போது அந்தப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. ஒரு கண்டிப்புச் சொல் மூத்தவனைத் திருத்தியது. அதே சொல் இளையவளை ஒடுக்கிவிட்டது. உலோகம் அறிந்து மருந்து போடு.

மூன்றாவது பாடம் எனக்கு வலித்தது. உடன்பிறந்தவளோடு ஒரு மனத்தாங்கல். காலம் ஆற்றும் என்று பேசாமல் இருந்தேன். பதினோரு வருடம் போயிற்று. அது ஆறவில்லை, இறுகிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றாமல் மூலையில் தள்ளிய பாத்திரமும் அப்படித்தான். பொறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. ஊறவைக்கிறவன் முதலில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கடைசியில் நான்தான் அவள் வாசலுக்குப் போனேன். முதல் நாள் ஒன்றும் பேசித் தீரவில்லை, காபி குடித்தோம். பல மாதம் போய்வந்த பிறகே பழைய சிரிப்பு திரும்பியது.

ஆகவே, பிள்ளைகளே, தீய்ந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அடி நெளிந்துவிடும். சற்று ஆறட்டும். ஆனால் அன்றிரவே தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள். விடிந்ததும் எழுந்து தேயுங்கள்.