நடுவர் இல்லாத பேச்சு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை அத்திமூர் வழியாகப் போகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாதுமலைக்குள் நுழைய இருக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பீமன் அருவியையும் சாமையையும் தேனையும் கோடை விழாவையும் விடமாட்டார்கள்; பேச்சை விட்டுவிடுவார்கள். ஆனால் மலைப் பயணத்தில் வழிநெடுகக் கூடவே வருவது பேச்சுதான். பேருந்திலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் அது மூன்று பொருள்களைச் சுற்றி வருகிறது. நேற்றைய மேட்ச், அல்லது எந்த ஊர்க் காளை எத்தனை நொடியில் ஓடியது என்பது ஒன்று. எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும், எந்த ஊரில் டவர் செத்துக் கிடக்கிறது என்பது இன்னொன்று. எங்கே வெட்டு, யார் வீட்டுப் பிள்ளையைக் காணோம் என்பது மூன்றாவது. ஒரு டீ ஆறுவதற்குள் மூன்றும் வந்து போய்விடும். கேட்பவருக்கு இவை ஒரே மாதிரிப் பேச்சாகத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வகைப் பேச்சில் பொய் நெடுநாள் நிற்பதில்லை; மூன்றாம் வகையில் அது தங்கிவிடுகிறது. இதற்கான பழியை நாம் நடுவில் இருக்கும் போனின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

காளைப் பேச்சிலிருந்து தொடங்கலாம். மலையடிவார ஊர்களில் தை பிறந்தால் எருது விடும் விழா. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு வேறு, இது வேறு. இங்கே யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய வீதியில் காளையை ஓடவிடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்த காளைக்குப் பரிசு. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது இதுவும் நின்றது. 2017-இல் மெரினா போராட்டத்தை அடுத்து வந்த சட்டம் இதற்கும் உயிர் கொடுத்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. காளைக்காரர்கள் பேசும்போது உயர்வு நவிற்சிக்குக் குறைவே இராது. தன் காளை காற்றைக் கிழித்தது என்பார் ஒருவர். பக்கத்து ஊர்க் காளை பாதியில் திரும்பியது என்பார் இன்னொருவர். ஆனால் நொடிக்கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதை மைக்கில் சொல்லிவிட்டார்கள், வீதியில் நின்ற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். பெருமை எவ்வளவு நீண்டாலும் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது.

விளையாட்டிலும் பொய் இல்லையா, கிரிக்கெட்டில் சூதாட்டம் நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது. 2000 ஏப்ரலில் ஹான்சி குரோன்யே சிக்கியபோது ஸ்கோர்போர்டே பொய் சொல்லக்கூடும் என்று தெரிந்தது. 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணியின் பெயரும் அடிபட்டது. அப்போது தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரண்டு கட்சி இருந்தது: எல்லாம் சதி என்றது ஒன்று, எல்லாமே ஃபிக்சிங் என்றது மற்றொன்று. 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. ரசிகர்கள் புலம்பினார்கள், 2016, 2017 இரண்டு சீசனையும் மஞ்சள் சட்டை இல்லாமல் கழித்தார்கள், 2018-இல் அணி திரும்பி வந்து கோப்பையையும் வாங்கியது. வாதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவரவில்லை, கிரிக்கெட் வாதம் என்றைக்குத் தீர்ந்தது? ஆனால் இரு தரப்பும் வெளியே இருந்த ஒருவரின் முடிவை ஒப்புக்கொண்டு வாழ்ந்தன. அந்த முடிவைச் சொன்னவர் ஆடுகிறவரும் இல்லை, பந்தயம் கட்டியவரும் இல்லை.

இனி அத்திமூர். 2018 மே மாதம், வெயில் உச்சத்தில் இருந்த நாட்கள். வட மாநிலத்திலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளைக் கடத்தி உறுப்புகளை எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் வீடியோக்களும் வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டது. மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் உடன் இருந்தனர். அத்திமூர்ப் பக்கம் வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு 65 வயது மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று சத்தம் கிளம்பியது. கூட்டம் துரத்திப் பிடித்து அடித்தது. மூதாட்டி இறந்துபோனார், மற்றவர்கள் பலத்த காயம் அடைந்தார்கள். அடித்ததைப் படம் பிடித்து அதே போன்களில் பரப்பினார்கள். பிறகு கைதுகள், ஆண்கள் ஓடி ஒளிய, வீடுகள் பூட்டிக் கிடந்தன என்று செய்திகள் வந்தன. கும்பல் வட நாட்டிலிருந்து வருவதாகத்தான் வதந்தி. செத்தவரோ தமிழ் பேசியவர். அவர் போய்க்கொண்டிருந்தது குலதெய்வக் கோயிலுக்கு. அடித்தவர்கள் வீட்டிலும் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பயணம் அது. அவ்வளவு தெரிந்த ஒரு காரியத்தைக்கூட அந்த நேரத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதே நாட்களில் பழவேற்காட்டில் வீடற்ற ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐந்து பேர்.

போன்தான் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். வாட்ஸ்அப் நிறுவனமும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டது போலத்தான் நடந்துகொண்டது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தட்டில் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்திக்கு அது ஒன்றாகக் குறைந்தது. இந்த வரம்புகள் பயன் தந்தன என்பதை நான் மறுக்கவில்லை. தீயை அணைக்க முடியாவிட்டால் காற்றையாவது மறிக்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, 2001 கோடையில், தில்லி முழுவதும் குரங்கு மனிதனுக்குப் பயந்து மொட்டைமாடியில் தூங்குவதை நிறுத்தியது. பயத்தில் மாடியிலிருந்து குதித்துச் செத்தவர்களும் உண்டு. பாலம் கட்டப் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் நம் தாத்தாக்களுக்கும் தெரியும். பிள்ளை பிடிக்கிறவன் பேரைச் சொல்லிச் சோறூட்டப்படாத குழந்தை எந்தத் தலைமுறையில் இருந்தது? போன் வேகத்தைக் கூட்டியது, படத்தைச் சேர்த்தது. அதே போனில்தான் காளையின் நொடிக்கணக்கும் மேட்ச் ஸ்கோரும் வருகின்றன. அந்தப் பேச்சில் யாரையும் யாரும் அடித்துக் கொல்வதில்லையே. கருவி ஒன்றாக இருந்து விளைவு இரண்டாக இருந்தால், கருவிக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அடுத்து, படிப்பறிவில்லாதவர்கள், காட்டுப்பக்கத்து ஜனங்கள் என்று ஒரு விளக்கம் வரும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது மிகவும் வசதியான விளக்கம். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் பெயர் இது என்று ஒரு பொய்ப் பெயர் பரவியது. சில நாட்களில் ஊர் ஊராகக் கலவரம், மசூதி மேல் தாக்குதல். அங்கே எழுத்தறிவுக்கு என்ன குறை? மலையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. ஜவ்வாதுமலையின் மலையாளிப் பழங்குடியினர் வதந்தியை நம்பியவர்கள் என்பதைவிட, அந்நியர்மேல் எழும் சந்தேகத்துக்குப் பலியானவர்கள் என்பதே பொருத்தம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள்; ஜவ்வாதுமலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது ஆணையம்.

இந்தச் சம்பவம் மலையில் பேச்சுக்கு என்ன செய்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். அரசு சொன்னது ஒன்று. ஊருக்குள் உறவுக்காரர் வாயிலாகவும் போன் வழியாகவும் வந்தது இன்னொன்று. ஊரார் பேச்சு வெறும் வதந்தியாக ஒதுக்கப்படவில்லை. ஓர் ஆணையமே அதை உட்கார்ந்து கேட்டது. சீருடை சொல்வதைவிட பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது மெய்யாக இருக்கலாம் என்று அந்த மக்கள் முடிவுக்கு வந்திருந்தால், அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று ஆண்டு கழித்து அதே மலையடிவாரத்தில் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்றும் வரவில்லை என்று போலீஸ் சொன்னால் எடுபடாததில் வியப்பென்ன? அத்திமூரில் அடித்தவர்களுக்கு இது சாக்கு ஆகாது. அவர்கள் செய்தது கொலை. நான் கேட்பது வேறு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே ஆட்டத்தில் ஒரு கட்சியாக இருந்துவிட்டால், அடுத்த ஆட்டத்தில் அவர் விசிலை யார் கேட்பார்கள்?

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வருகிறது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதற்கு முன்பிருந்தே அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியால் 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்த்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே விண்மீன் ஒரு கணம் மங்கியது. பார்த்தது மெய். அது புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்றுதான் இங்கே முதலில் கருதினார்கள். அமெரிக்கக் குழு ஒன்று இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்தில் பறந்தபடி எடுத்த பதிவுகளும் பிற இடத்துப் பதிவுகளும் சேர்ந்த பிறகுதான், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. அத்திமூரிலும் பார்த்தது மெய்தான்: தெரியாத ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்குப் பொருள் என்ன என்று வேறு ஒரு இடத்திலிருந்து சரிபார்க்க ஒரு மணி நேரம்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, சரிபார்க்க எங்கே கேட்பது என்றும் தெரியவில்லை.

பிள்ளையைப் பெற்றவர்களிடம் போய் வானியல் பேசுவதா, உயிர்ப் பயத்துக்கு நடுவரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்றால், அந்தக் கோபம் நியாயமானது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் கற்பனை அல்ல. ஆனால் பயம் எந்தத் திசையில் பார்க்கிறது என்பது முக்கியம். தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். ஊரெல்லாம் சாலையில் வரும் கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரைப் பற்றி டீக்கடையில் பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும் உடனே அடங்கிவிடும். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமே.

நடுவர் யார் என்பதுதான் மிச்சம். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அந்த முறை வதந்தி நம்மைப் பற்றியது. தமிழ்நாட்டுப் போலீஸ் மறுத்தது. அதோடு நிற்காமல் பீகார் அரசின் அதிகாரிகள் குழு சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. சில நாட்களில் பதற்றம் தணிந்தது. தமிழ்நாடு மட்டும் மறுத்திருந்தால் பாட்னாவில் யார் நம்பியிருப்பார்கள்? அதே ஆண்டு தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது; ஒன்றிய அரசும் தன் விவகாரங்களைத் தானே சரிபார்க்க ஒரு பிரிவுக்கு அதிகாரம் தந்து விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. எனக்கு அது சரியாகவே பட்டது. சேஷாசலத்தைப் பற்றிய உண்மையை ஆந்திர போலீசிடம் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டோம்.

ஆகவே பெரிய அலுவலகங்களைவிடச் சிறிய எண்களில்தான் எனக்கு நம்பிக்கை. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்டம் மலைக்கு வெகு தூரம். ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் இந்த மாதம் காணாமல் போன குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் திரும்பக் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று பேருந்து நிலையத்தில் பலகை வைக்கலாம். பிள்ளையின் பெயர் வேண்டாம், எண் போதும். அந்த எண்ணைப் போலீஸ் தனியாக எழுதக்கூடாது. பள்ளித் தலைமையாசிரியரும் கிராம செவிலியரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டுப் பிள்ளை வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முதல் சில மாதம் ஜமுனாமரத்தூரில் அந்தப் பலகையை ஒருவரும் நம்பமாட்டார்கள். குறைத்து எழுதியிருக்கிறார்கள், என் மச்சான் ஊரில் ஒரு பிள்ளை காணாமல் போனது இதில் இல்லையே என்று சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடிக்கட்டும்; எந்த ஊர், எந்தப் பிள்ளை, என்றைக்கு என்று அப்போதுதான் கேட்க முடியும்.