கூறைச்சேலையும் தேயிலைப் பெட்டியும்

அட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். நம் கல்லூரி மேடையில் நடித்த காலத்தில், உடுப்புகள் எங்கிருந்து வருகின்றன, நாடகம் முடிந்ததும் எங்கே போகின்றன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. திரை விழுந்ததும் கழற்றிப் போடுவோம். மறுநாள் யாரோ மடித்து வைத்திருப்பார்கள். அந்த 'யாரோ' இப்போது நான்.

2022ஆம் ஆண்டு. கலைவிழாவுக்காகக் காமன் கூத்தின் ஒரு பகுதியைப் பிள்ளைகளோடு பழகிக்கொண்டிருந்தேன். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடுகிற கூத்து அது. ரதி மன்மதன் கல்யாணக் காட்சிக்கு ஒரு பட்டுச்சேலை வேண்டியிருந்தது. ரதியாக நடித்த பிள்ளையின் தாய் தன் கூறைச்சேலையைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "கவனம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவர் கொழுந்து பறிப்பவர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சேலைக்கு எத்தனை நாள் மலையேற வேண்டும் என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு பின்னேரம் ஒத்திகை முடிந்தது. வெளியே தூறல். பிள்ளைகள் வியர்வையோடு கழற்றிய உடுப்புகளை அப்படியே இரும்பு அலுமாரியில் அடுக்கிப் பூட்டினேன். நாளைக்கு எடுக்கத்தானே போகிறோம் என்ற நினைப்பு. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. பஸ் இல்லை. சாவி என் கைப்பையில் இருந்தது. 4,000 அடிக்கு மேலே தென்மேற்குப் பருவமழை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சில கிழமைகள் கழித்துக் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசம்தான். மட்டைக் கிரீடங்கள் தொய்ந்து கிடந்தன. மாப்பசை போட்ட இடமெல்லாம் கரப்பான் தின்றிருந்தது. கூறைச்சேலையின் மடிப்புகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம். சரிகை கறுத்திருந்தது.

துடைத்துப் பார்த்தேன், காற்றில் போட்டுப் பார்த்தேன். கறை போகவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அந்தத் தாய் உறையைத் தொடவில்லை. சேலையை இஸ்தோப்பில் விரித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பெட்டியில வைக்கிறதுக்கு முன்ன காய வச்சீங்களா டீச்சர்?"

"இல்ல அக்கா" என்றேன்.

அவருடைய மாமனார் அந்தத் தோட்டத்தில் காமன் கூத்துப் பழக்குகிறவர். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "உள்ள வாங்க டீச்சரம்மா" என்று காம்பராவுக்குள் அழைத்தார். அடுப்புக்கு மேலே பரணில் கிரீடங்கள் இருந்தன. புகை பட்டுக் கொஞ்சம் மங்கல், ஆனால் கட்டை போல விறைப்பு. உடுப்புகள் பழைய தேயிலைப் பெட்டியொன்றில் இருந்தன. ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் போன்ற மெல்லிய தகடு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல்லின் மேல் தூக்கி வைத்திருந்தார். துணிக்குக் கஞ்சி போடக்கூடாதாம். கஞ்சிதான் பூஞ்சணத்துக்குச் சோறு என்றார். தப்பைக்கூட நெருப்பில் காய்ச்சித்தானே அடிக்கிறோம், இந்த ஊரில் காயாத எதுவும் பேசாது என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. இந்த மலை முழுவதும் ஓர் இலையிலிருந்து ஈரத்தை விரட்டியே பிழைக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, அரைத்து, கடைசியில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதமாகும்வரை உலர்த்திய பிறகுதான் பொதி செய்கிறார்கள். அதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே நான் ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

எங்களுக்குத் தனி அறை கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. மண்டபத்தின் ஒரு மூலைதான். அதை இரண்டாகப் பிரித்தோம். சாளரப் பக்கம் பசை, பெயின்ட், தண்ணீர் எல்லாம். கழற்றிய பழைய கதவொன்று அங்கே மேசை. உட்பக்கம் காய்ந்த பொருட்கள் மட்டும். நடுவே ஒரு கயிறு. கழற்றிய உடுப்பு ஓர் இரவாவது அதில் தொங்காமல் அலுமாரிக்குள் போகாது. அலுமாரி செங்கல் மேல் நிற்கிறது. தட்டுகளில் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம். கரியையும் அவ்வப்போது காய வைக்க வேண்டும். அதைத்தான் பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மாப்பசையில் கொஞ்சம் துருசு கலக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது நஞ்சு, பிள்ளைகளின் கைபடும் இடம் என்று விட்டுவிட்டேன்.

அலுமாரிக் கதவில் ஒரு கொப்பி தொங்குகிறது. இரவல் வந்த பொருள், தந்தவர் பெயர், வந்த நாள், எந்த நிலையில் வந்தது, திரும்பிய நாள். பிள்ளைகள் அதற்கு 'இரவல் கொப்பி' என்று பெயர் வைத்தார்கள். என் உம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இது அமானிதக் கொப்பி மகள்" என்றார். இப்போது அட்டையில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

அதன் பிறகு எத்தனையோ தாய்மார் சேலை தந்திருக்கிறார்கள். பெரியவர்கூடப் போன மாசியில் கூத்து முடிந்ததும் இரண்டு கிரீடங்களை எங்கள் தட்டில் வைக்கச் சொல்லி அனுப்பினார். அந்தக் கூறைச்சேலை மட்டும் மறுபடி வரவில்லை. நான் கேட்கவுமில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது. 'திரும்பிய நிலை' என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'கறையுடன்' என்று எழுதியிருக்கிறேன்.