சரக்கு வராத துறை

சில ஊர்களை நினைத்தால் முகங்கள் வரும். சில ஊர்களை நினைத்தால் சாப்பாடு வரும். போடோரை நினைத்தால் எனக்கு முதலில் ஆற்றின் நீர்மட்டம்தான் நினைவுக்கு வருகிறது. பம்புசெட்டு மாட்டப் போனவனுக்கு வேறென்ன வரும் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஊரில் தையல்காரரும் மளிகைக் கடைக்காரரும்கூட ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான், அந்த வருஷம் யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். ஒரு ஊரே ஒரு கணக்கில் ஓடுவதை அங்கேதான் பார்த்தேன். புதுச்சேரிக்குத் திரும்பி வந்த பிறகு நான் தேடுவது அந்தக் கணக்கைத்தான். இங்கே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது.

போடோர் செனகல் நாட்டின் வடகோடி நகரம். சகாரா பாலைவனம் முடிந்து புல்லும் முள்மரமும் தொடங்கும் சாஹேல் பட்டையில், செனகல் நதியின் தென்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை மொரிட்டானியா. ஊருக்குத் தெற்கே நதியின் கிளையான துவே ஓடுகிறது. ஆக, இரண்டு தண்ணீருக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் மோர்ஃபில் தீவில்தான் ஊர். தலைநகர் டக்காரிலிருந்து வருபவர்கள் தாரேஜி சந்திப்பில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சுமார் 20 கி.மீ. வடக்கே வர வேண்டும். அந்தச் சாலையில் வரும்போது பாலைவனத்துக்குத்தான் போகிறோம் என்று தோன்றும். திடீரென்று பச்சை வயல், பிறகு வேப்பமரம், பிறகு ஆறு.

ஊரில் பெய்யும் மழை ஆண்டுக்கு 200 முதல் 300 மில்லிமீட்டர். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டியது இதைவிட அதிகம். அப்படியானால் அங்கே எப்படி விவசாயம்? மழை வேறு இடத்தில் பெய்கிறது. கினியாவின் ஃபூட்டா ஜல்லோன் மலைகளில் பாஃபிங் என்ற பெயரில் பிறக்கும் ஆறு, மாலியில் பக்கோயியுடன் சேர்ந்து செனகல் ஆகிறது. மலையில் ஆடியிலும் ஆவணியிலும் பெய்த மழை, புரட்டாசி ஐப்பசி வாக்கில் போடோருக்கு வெள்ளமாக வந்து சேரும். அதனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பதைவிட அதிகமாகக் கிழக்கே பார்ப்பார்கள். மேலே பாக்கெலில் தண்ணீர் ஏறிவிட்டதா, மாத்தாமைத் தாண்டிவிட்டதா என்று தொலைபேசியில் விசாரித்தபடி இருப்பார்கள்.

அந்த வெள்ளத்தை வைத்து அவர்கள் நிலத்தைப் பிரித்திருக்கும் விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். வெள்ளம் மூடி வடியும் களிமண் பள்ளங்கள் வாலோ. வெள்ளம் எட்டாத மணல் மேடு ஜேரி. ஆற்றின் சரிவிலேயே, தண்ணீர் இறங்க இறங்க வெளிப்படும் குறுகலான பட்டை ஃபாலோ. மழை பெய்தால் ஜேரியில் கம்பு. வெள்ளம் வடிந்ததும் கார்த்திகை வாக்கில் வாலோவில் சோளமும் தட்டைப்பயறும். ஃபாலோவில் காய்கறி, முலாம்பழம், சர்க்கரைவள்ளி. வாலோவில் விதைப்பதைப் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர் கடப்பாறை மாதிரியான கனத்த கழியால் களிமண்ணில் ஆழமாகக் குழி போடுவார். பின்னால் வருபவர் நாலு விதையைப் போட்டு, ஒரு பிடி மணலால் மூடுவார். அதற்குப் பிறகு அறுவடைவரை ஒரு சொட்டு மழை கிடையாது. மண்ணுக்குள் தங்கிய ஈரம் மட்டும்தான். நம் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மனிதர்களும் இதே கணக்கில்தான் இருந்தார்கள். ஃபூட்டா தோரோ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில் பெரும்பாலோர் புலார் மொழி பேசுகிறவர்கள். நிலம் உள்ளவர்கள், மாடு மேய்ப்பவர்கள், சுபல்பே எனப்படும் மீனவர்கள், நெசவாளர்கள், கொல்லர்கள் என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வேலை. வெள்ளம் ஏறும்போது மாடுகள் ஜேரிக்குப் போகும். வடிந்து, சோளம் அறுத்தபின் வாலோவின் தட்டையை மேயத் திரும்பி வரும், நிலத்துக்கு எருவும் போட்டுவிடும். வெள்ளத்தில் மீன் வயலுக்குள் வந்து குஞ்சு பொரிக்கும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குவார். சண்டை வராமலா இருக்கும், வரும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆறு வந்து எல்லாக் கணக்கையும் அழித்துப் புதிதாக எழுதிவிடும்.

போடோரின் ஆற்றங்கரை வீதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லால் கட்டிய துறை, தண்ணீருக்குள் இறங்கும் படிகள், வரிசையாக மஞ்சளும் காவியும் அடித்த பழைய வணிக வீடுகள். கீழே கிட்டங்கி, மேலே குடியிருப்பு, நடுவில் முற்றம். போர்தோ நகரத்து வியாபாரிகள் கட்டியவை. வீதிக்குப் பின்னால் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் 1744இல் முதலில் கட்டினார்கள். 1854இல் மறுபடி எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் இங்கே கைமாறிய பெரிய சரக்கு வேலம் பிசின். வடகரையின் முள்காடுகளிலிருந்து மூர் வணிகர்கள் ஒட்டகத்தில் கொண்டுவருவார்கள். ஐரோப்பாவில் துணிக்குக் கஞ்சி போடவும் சாய அச்சுக்கும் அது வேண்டும். அதற்குப் பதிலாக மூர்கள் கேட்டது பணம் அல்ல, துணி. அதுவும் சும்மா துணி அல்ல, புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் போட்ட நீலத்துணி.

இதை நான் முதலில் கேட்டது கோட்டைக்குள் நின்றபோது. ஊரைச் சுற்றிக்காட்டியவர், நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, 'பொந்திஷேரியா? உங்கள் துணிதானே எங்களுக்குக் காசாக இருந்தது!' என்றார். அவர் சொன்னது மிகையில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகல் நதியோரம் பிசினின் விலையையே இத்தனை துண்டு நீலத்துணி என்றுதான் சொன்னார்கள். போலித் துணி வந்தால் மூர்கள் முகர்ந்து பார்த்தே ஒதுக்கிவிடுவார்களாம். ஐரோப்பிய மில்கள் அதே மாதிரி நெய்ய முயன்றும் நெடுங்காலம் புதுச்சேரிச் சரக்குக்குத்தான் மதிப்பு. எங்கள் ஊர் நெசவு மில்களில் சங்கு ஊதியதற்கும் இந்தப் படித்துறைக்கும் அப்படியொரு தொடர்பு. ஆனால் இதே நதித் துறைகளில் பிசினோடு மனிதர்களையும் விற்றார்கள் என்பதையும் அவரே சொன்னார். அந்த வீடுகளின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பிசின் வியாபாரம் நொடித்தது. 1885இல் டக்காருக்கும், ஆற்றின் முகத்துவார நகரமான சேன்-லூயிக்கும் இடையே ரயில் வந்தது. 1920களில் டக்காரிலிருந்து நைஜர் நதிவரை ரயில்பாதை முடிந்ததும், மாலியின் சரக்கு ஆற்றை விட்டுத் தண்டவாளத்துக்கு மாறிவிட்டது. பிறகு லாரி. இப்போது துறைக்கு வரும் பெரிய கப்பல் 'பூ எல் மொக்தாத்' ஒன்றுதான். ஒரு காலத்தில் தபாலும் மூட்டையும் பயணிகளும் ஏற்றிய அதே கப்பல், இன்று சுற்றுலாக்காரர்களைச் சேன்-லூயியிலிருந்து ஏற்றி வந்து போடோரில் திரும்புகிறது.

நான் போனது வேறொரு காலத்தின் சரக்கோடு. இந்திய அரசின் கடனுதவியில் செனகலுக்குப் பாசனப் பம்புசெட்டுகள் போயின. நெல்லில் நாடு தன்னிறைவு பெற வேண்டும் என்பது அவர்கள் கனவு. அதற்கான அடித்தளத்தை அணைகள் போட்டிருந்தன. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் சேர்ந்து 1972இல் நதி மேம்பாட்டு அமைப்பை உண்டாக்கின. 1986இல் கழிமுகத்தருகே தியாமா அணை. அதற்கு முன் கோடையில் கடல் உப்பு ஆற்றுக்குள் 200 கி.மீ. வரை ஏறிவந்துகொண்டிருந்தது. 1988இல் மாலியில் மனந்தாலி அணை. வருஷம் முழுவதும் ஆற்றில் நல்ல தண்ணீர். இரண்டு போகம் நெல் போடலாம். 'சாஹேல் 108' என்ற குறுகியகால ரகம் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து இங்கே வந்து பெயர் வாங்கியது.

கிராமத்துப் பாசனக் குழுக்களின் பம்பு கரையில் நிற்காது. இரும்புப் பீப்பாய்களை இணைத்த மிதவையில் டீசல் என்ஜினும் பம்பும் ஏறி ஆற்றிலேயே மிதக்கும். மட்டம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். நான் பழகிய ஆபரேட்டர் மீனவக் குலத்துக்காரர். மீன் குறைந்ததால் இந்த வேலைக்கு வந்தவர். டெலிவரி பைப்பில் உள்ளங்கையை வைத்து, உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, காற்று பிடித்துக்கொண்டதா என்று சொல்லிவிடுவார். அணை வந்தபின் அசையாமல் நின்ற நல்ல தண்ணீரில் சம்பங்கோரை காடாக மண்டிவிட்டது. அதன் வேரும் தோகையும் உறிஞ்சுகுழாயின் சல்லடையை அடைத்துவிடும். அவர் என்ஜினை அணைத்துவிட்டு, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்குவார். சேற்றோடு ஒரு கட்டுக் கோரையை எடுத்து மேலே வீசுவார். மறுபடி முங்குவார். கடைசியில் ஏறிவந்து, 'ஆறு வருஷம் முழுக்க நிறைந்திருக்கிறது, அதுதான் கஷ்டம்' என்பார். உப்பில்லாத தேங்கிய தண்ணீரில் நத்தைகளும் பெருகி, பில்ஹார்சியா நோய் பள்ளத்தாக்கில் பரவியது என்பதும் அந்தக் கஷ்டத்தில் சேர்த்தி. பழைய வெள்ளமும் போய்விட்டது. நல்ல வெள்ளம் வந்த ஆண்டுகளில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு லட்சம் ஹெக்டேர் வரை நடந்த வாலோ சாகுபடி, சுருங்கிப்போனது.

நெல் பால்பிடிக்கும் சமயத்தில் ஊரில் பையன்களைப் பார்க்க முடியாது. குவேலியா என்னும் சிட்டுக் குருவியளவுப் பறவை ஆயிரக்கணக்கில் மேகம்போல் இறங்கும். வயலுக்குள் மேடை கட்டி, தகரம் தட்டி, கவண் சுற்றி, விடியலிலிருந்து பொழுது சாயும்வரை கத்துவார்கள். அறுத்த நெல்லை 80 கிலோ மூட்டையாகக் கட்டி, தண்ணீருக்கும் டீசலுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை மூட்டையாகவே அளந்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சில வருஷம் அந்த மீதியைக் கழுதை வண்டி ஒரே நடையில் இழுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு நெல் விளைவித்த ஊரின் மத்தியானச் சாப்பாட்டில் பல நாள் இருந்தது ஆசியாவிலிருந்து வந்த நொய்யரிசி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவின் நொய்யை இங்கே கொண்டுவந்து இறக்கிப் பழக்கிவிட்ட நாக்கு அது. மீன், கத்தரிக்காய், கேரட், தக்காளிச் சாறு எல்லாம் சேர்த்து வேகும் செபு ஜென்னுக்கு நொய்தான் பொருத்தம் என்பார்கள். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட, வீட்டுக்கார அம்மாள் நடுவிலிருக்கும் மீனைப் பிட்டு விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். ராத்திரி கம்புப் புட்டு மாதிரியான லச்சிரியும் பாலும். பிறகு கரியடுப்பில் பச்சைத் தேயிலை, மூன்று சுற்று. இந்தத் தேநீர் நேரத்தில்தான் ஊரின் உண்மையான பொருளாதாரம் பேசப்படும்.

அந்தப் பொருளாதாரம் ஆற்றில் இல்லை. 1968இலிருந்து 1973வரையும், பிறகு 1983-84இலும் வந்த வறட்சிகள் இளைஞர்களை டக்காருக்கும், பிரான்ஸுக்கும், காபோனுக்கும் அனுப்பிவிட்டன. 1989இல் செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் இடையே கலவரம் மூண்டு, அக்கரையிலிருந்து பல்லாயிரம் பேர் துரத்தப்பட்டுத் தென்கரையில் அகதிகளானார்கள். அவர்களில் பலரால் 2008இலிருந்துதான் திரும்ப முடிந்தது. பள்ளிவாசல், மருந்தகம், சிமெண்டு வீடு எதைக் காட்டி யார் கட்டியது என்று கேட்டாலும், 'காபோனில் இருக்கும் சித்தப்பா', 'பாரிஸில் இருக்கும் அண்ணன்' என்றுதான் பதில் வரும். உலகமெல்லாம் தெரிந்த பாடகர் பாபா மால் 1953இல் இங்கே பிறந்தவர். அவர் தொடங்கிய நதி இசைவிழாவுக்கு மட்டும் வெளியூர்ப் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஊரை விட்டுப் போனவர்களின் ஏக்கம்தான் ஊருக்கு வருமானம். நான் திரும்பிவந்து ஏங்குவதில் ஒரு புதுமையும் இல்லை. ஆனால் என் ஏக்கம் அங்கே ஒரு காசும் அனுப்புவதில்லை, அதுதான் வித்தியாசம்.

2024 அக்டோபரில் வெள்ளம் கரைமீறி நெல்வயல்களை மூழ்கடித்த செய்தி வந்தது. மனந்தாலி கட்டுப்படுத்துவது பாஃபிங்கை மட்டும், மற்ற உபநதிகள் தம் போக்கில் வரும். செய்தியைப் படித்த கணத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், வாலோவில் சோளம் போடுவார்களே என்று. தொலைபேசியில் பேசிய நண்பர் போட்டது வேறு கணக்கு. போன மூட்டை எத்தனை, வங்கித் தவணை எப்போது, பம்புக்குள் மண் புகுந்ததா. விசாரிப்புகளுக்கெல்லாம் வழக்கமான 'ஜாம் தன்' (அமைதிதான்) என்று சமாதானம் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் டீசல் விலைக்கு வந்துவிட்டார்.

சேன்-லூயியிலிருந்து மாலியின் அம்பிதேதி வரை சுமார் 900 கி.மீ. ஆற்றை ஆழப்படுத்திச் சரக்குக் கப்பல் விடும் திட்டம் நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. நடந்தால் போடோரின் துறைக்கு மறுபடி சரக்கு வரும். மஞ்சள் வீடுகளுக்கு முன்னால் லாரி நிற்கும், கிரேன் சத்தம் கேட்கும், மாலையில் படியில் உட்கார இடம் இருக்காது. நான் ஏங்குவது அந்த ஊரின் ஓய்வுக்கு. அந்த ஓய்வு அவர்கள் கேட்டு வாங்கியது இல்லை, வேலை போனதால் வந்தது. கிரேன் வரட்டும். தகரம் தட்டிக் குருவி விரட்டும் பையன்களில் பாதிப்பேராவது மூட்டை எண்ணும் வேலைக்குத் துறையிலேயே சேரட்டும். எனக்குப் பிடித்த போடோர் அத்தோடு போய்விடும் என்றால், போகட்டும்.