சங்கிலிக்குப் பக்கத்துப் படுக்கை

படகில் விருந்தாளிக்கு ஒதுக்கும் இடம் அணியத்தில் இருக்கிற முக்கோணப் படுக்கை. கால் நீட்டும் பக்கம் குறுகிக்கொண்டே போய் ஒரு பலகையில் முடியும். பலகைக்கு அந்தப் பக்கம் நங்கூரச் சங்கிலி கிடக்கும் குழி. 80 மீட்டர் சங்கிலி, 180 கிலோ கனம். படகின் நீளம் 12 மீட்டர்தான். கல்லூரி நண்பனும் அவன் மனைவியும் ஐந்து வருடமாக இதில்தான் குடித்தனம். நான் ஆறு வாரம் ஒட்டிக்கொள்ள வந்தவன். ஃபிஜி, வனுவா லெவு தீவின் தென்கரை, ஆகஸ்ட்.

முதல் இரவு இரண்டு மணிக்குப் பலகைக்குப் பின்னால் யாரோ அம்மிக்கல்லை இழுப்பதுபோல் சத்தம். ஓடிப்போய் நண்பனை எழுப்பினேன்.

"காத்து திரும்பிச்சு, சங்கிலியும் கூடத் திரும்புது. நங்கூரம் பிடிச்சுதான் இருக்கு. இழுத்தா வேற மாதிரி கேக்கும்."

"வேற மாதிரின்னா?"

"கேட்டா உனக்கே தெரியும். போய்ப் படு."

அதற்குப் பிறகு எப்படித் தூங்குவது?

*

பள்ளிப் புத்தகத்தில் 'வியாபாரக் காற்று' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்தது இங்கே தென்கிழக்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கிறது. மே முதல் அக்டோபர் வரை நம்பலாம். நவம்பர் பிறந்தால் புயல் காலம். பல படகுகள் நியூசிலாந்துக்கு இறங்கிவிடும். சில படகுகள் வுந்தா துறையில் தரையில் குழி வெட்டி, அடிக்கட்டையை அதற்குள் இறக்கி, ஏறக்குறைய நட்டுவைக்கப்படும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 பேரைக் கொண்டுபோனது. அதைப் பற்றி ஊர்க்காரர்கள் தாங்களாகப் பேசுவதில்லை. கேட்டால், கூரை எந்தப் பக்கம் பறந்தது என்று கையால் காட்டுகிறார்கள்.

*

தண்ணீர்த் தொட்டி 350 லிட்டர். 2019 கோடையில் சென்னையில் லாரிக்குக் குடத்தோடு நின்றவன் நான். கணக்கு தெரியும் என்ற திமிர் இருந்தது. பாத்திரத்தை முதலில் கடல்நீரில் துலக்கி, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், உப்பு தனியாக வேண்டாம்.

"அண்ணா, அரிசியை எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு."

நண்பனின் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். இந்தப் படகில் நண்பன் கேப்டன், அவள் முதலாளி.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டு. மணிக்கு 30 லிட்டர். கார் டயரில் இருப்பதைப்போல் இருபத்தைந்து மடங்கு அழுத்தத்தில் சவ்வின் வழியே நீரைத் தள்ளுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வெயில் வேண்டும். துறைமுகத்தில் ஓட்டக்கூடாது, நீரில் எண்ணெய் மிதந்தால் சவ்வு போச்சு. ஆக, மேகம் மூடினால் குளியல் இல்லை. வானிலைக்கும் என் அக்குளுக்கும் இப்படி நேரடித் தொடர்பு இதுவரை இருந்ததில்லை.

கழிவறையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நண்பன் கேட்டுக்கொண்டான். கைப்பம்பை இருபது தடவை அடிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

*

சவுசவு நகரச் சந்தை. மாவில் வண்டு விழாமல் இருக்கப் பிரிஞ்சி இலை போடலாம் என்று முதலாளி சொல்லி அனுப்பினாள். கடைக்கார அம்மாள் ஃபிஜி இந்தி பேசினார். பிரிஞ்சி இலைக்கு இந்தியில் 'தேஜ்பத்தி' என்று கேட்டேன். கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை எடுத்து நீட்டினார். இங்கே தேஜ்பத்தி என்றால் அதுதானாம். வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு மனசு வரும்? இரண்டு கொத்து வாங்கினேன்.

அவருடைய பாட்டி மதராஸிலிருந்து வந்தவர். 1879இல் முதல் கூலிக்கப்பல் லியோனிடாஸ் வந்தது கல்கத்தாவிலிருந்து. தெற்கத்திக்காரர்களை 1903 முதல்தான் ஏற்றிவந்தார்கள். அதற்குள் இந்தி இங்கே வேரூன்றிவிட்டது. நான் பேசிய தமிழை அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் இந்தியில் வந்தது, கத்தரிக்காய் விலையோடு.

முட்டைகளைப் படகுத்துறையிலேயே அட்டையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினோம். அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும், படகுக்குள் அட்டையே ஏறக்கூடாது. ஃப்ரிஜ்ஜில் இடம் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை முட்டைகளைப் புரட்டிப்போட்டால் வாரக்கணக்கில் கெடாது. புரட்டுவது என் வேலை.

*

இரவில் எண்ணிய சத்தங்கள்: பாயை ஏற்றும் கயிறு கம்பத்தில் டக் டக் (எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும்). அடித்தட்டில் தேங்கிய நீரை இறைக்கும் பம்பு (ஒருமுறை என்றால் சரி, இருமுறை என்றால் விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்). தாளித்த கடுகு ஓயாமல் வெடிப்பதுபோல் படகின் வயிற்றுக்கு வெளியே ஒரு சத்தம். அது ஒருவகை இறால், கொடுக்கைச் சொடுக்கும் ஒலி. மூன்று நாள் அதை மின்கசிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பவழப் பார்களுக்கு நடுவே போகும் நாளில் காலை பத்து மணிக்கு முன் கிளம்புவதில்லை, மூன்றுக்குள் நங்கூரம் போட்டாக வேண்டும். வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் அடி தெரியும். வரைபடத்தை முழுக்க நம்ப முடியாது என்பதால் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் மேலே ஓர் ஆள் அணியத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் நான். கருநீலம் ஆழம், பச்சை ஆழம் குறைவு, பழுப்பு பார். கத்தினால் பின்னால் கேட்காது, கைச்சாடைதான். படகு போவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர், சைக்கிளே முந்திவிடும். ஆனால் முன்னால் பழுப்பாக எதையோ பார்த்த கணத்தில் அது எக்ஸ்பிரஸ் ரயில். முதல் நாள் ஒரு பாரைப் பார்த்துப் பதறி இடதுகையை வீசினேன். படகு திரும்பியது. பாரும் கூடவே நகர்ந்தது. மேகத்தின் நிழல்.

*

தனித்து எழும் பவழத் தூணுக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் 'பொம்மி'. மதுரைவீரன் பெண்டாட்டியை இத்தனை பேர் திட்டி நான் கேட்டதில்லை.

*

ஃபிஜி மொழியை ரோமன் எழுத்தில் படித்தால் தடுமாற்றம். 1835இல் வந்த பாதிரியார் டேவிட் கார்கில் வழியாக அமைந்த எழுத்துமுறை அது. 'பி' என்று எழுதினால் ம்ப, 'டி' என்றால் ந்த, 'க்யூ' என்றால் ங்க. 'சி' எழுதிய இடத்தில், நாம் 'அது' என்னும்போது வருகிற மெல்லிய த. தமிழில் எழுதிப்பார்த்தால் எல்லாம் தானாக உட்காருகிறது: நாந்தி, ம்புலா, யங்கோனா. வரைபடமெங்கும் வரும் 'தகாவ்' என்ற சொல்லுக்குப் பொருள் பார். பிழைக்க முதலில் கற்க வேண்டிய சொல் அது.

*

கிராமத்தின் முன் நங்கூரம் போட்டால் முதல் காரியம் செவுசெவு. காய்ந்த யங்கோனா வேர் அரைக் கிலோவைத் தாளில் சுற்றி எடுத்துப்போய் ஊர்த்தலைவர் முன் வைக்க வேண்டும். தொப்பி கூடாது, தோளில் பை கூடாது, இடுப்பில் சுலு கட்டியிருக்க வேண்டும். நான் கைலியில் போனேன், குறை சொல்ல ஆளில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தோம். மரபுப்படி, கடற்கரையோடு அந்த நீரும் மீனும் ஊருக்குச் சொந்தம். நாம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்கிறவர்கள். வேரைக் கரைத்த நீர் சிரட்டையில் வரும். கை குவித்து ஒரு தட்டு, சிரட்டையை ஒரே மூச்சில் காலி செய், மூன்று தட்டு. சேற்றுத்தண்ணீரில் மிளகைக் கரைத்த ருசி, பிறகு நாக்கு மரத்துப்போகிறது. எத்தனை பிள்ளைகள், அம்மா இருக்கிறாரா என்றார் தலைவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசிவரை கேட்கவில்லை.

எந்த மீனைச் சாப்பிடலாம் என்றும் அவரிடம்தான் கேட்க வேண்டும். பாரில் மேயும் சில மீன்களில் சிகுவாட்டெரா நஞ்சு ஏறியிருக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. அது ஏறியவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் சுடுமாம்.

*

பக்கத்தில் ஒரு பெரிய காட்டமரான். ஃப்ரிஜ் இரண்டு, துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று. பெயர் நம் கட்டுமரம். ஆனால் கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய மரங்கள், அதற்கு இரட்டை உடல் கிடையாது. இரண்டு உடலைப் பாலம் போட்டு இணைக்கும் வித்தை இந்தப் பெருங்கடல்காரர்களுடையது; ஃபிஜியின் 'ந்த்ருவா' அந்த வகை. நம்மிடம் பெயரை வாங்கி அவர்கள் படகுக்குச் சூட்டிவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். இரு தரப்புக்கும் காசு வந்ததாகத் தெரியவில்லை.

*

வியானி வளைகுடா. எதிரே தவேயுனி தீவு, அதன் குறுக்கே 180 பாகைக் கோடு. தேதிக்கோட்டை ஃபிஜிக்காக வளைத்துவிட்டதால் நேற்றைக்குப் போகும் வாய்ப்பில்லை.

ஆழம் 22 மீட்டர், 70 மீட்டர் சங்கிலி விட்டோம். பவழத்தில் படாமலிருக்க முத்துப்பண்ணை மிதவை மூன்றைச் சங்கிலியில் கட்டித் தூக்கிவிட்டும், நங்கூரத்தை ஒட்டிய பகுதி அடியில்தான் கிடந்தது. மூன்று இரவு உறுமியது. கிளம்பும் காலை மேலே வர மறுத்தது. நண்பன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு பொம்மியை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. அவன் கீழிருந்து கயிற்றை இழுக்க, நான் சாடை காட்ட, அவள் சுக்கானைப் பிடித்துப் படகை எதிர்ச்சுற்றாக ஓட்டினாள்.

ஒரு கண்ணியில் உள்ளங்கை அகலத்துக்கு மான்கொம்புப் பவழம் உடைந்து சிக்கிவந்தது. பழுப்பு நிறம், இன்னும் வழவழவென்று இருந்தது. அவள் பெயர்த்தெடுத்துக் கடலில் போட்டாள். பதிவேட்டில் 'சங்கிலி மீட்க 1 மணி 10 நிமிடம்' என்று மட்டும் இருக்கிறது.

கண்ணிகளில் ஒட்டிக் குழிக்குள் போன மிச்சம் மறுநாள் நாறத் தொடங்கியது. பலகைக்கு இந்தப் பக்கம் நான்.