விழுந்த முதியோருக்கு விழியாவோம்

"வயதாகிவிட்டால் மயக்கம் வருவது இயல்புதானே!" என்னும் சொல்லை இல்லந்தோறும் நாம் கேட்டு வருகிறோம். முதியவர் நினைவிழந்து விழுகிறார். ஓரிரு நிமிடங்களில் எழுந்து அமர்கிறார். முகத்தில் நீர் தெளித்துச் சோடா கொடுத்ததோடு வீட்டாரின் கவலை தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பாரமாவோமோ என்றஞ்சி, விழுந்ததையே மறைக்கும் முதியோரும் உளர். முதுமை நோயன்று. மயக்கத்திற்குக் காரணம் வேறு உண்டு. அதைத் தேடியே ஆக வேண்டும்.

நம் பங்கைச் சேர்ந்த 75 வயதுப் பெரியவர் ஒருவர் மும்முறை விழுந்தார். மருத்துவரிடம் நாமும் உடன் சென்றிருந்தோம். "எனக்கு ஒன்றும் நினைவில்லை" என்றார் பெரியவர். மருமகளோ, "மூன்று முறையும் அதிகாலையில் கட்டிலைவிட்டு எழுந்ததும்தான் மாமா விழுந்தார், இரவில் இரத்தக்கொதிப்பு மாத்திரை போடுகிறார்" என்றார். மருத்துவர் அவரைப் படுக்கவைத்து இரத்த அழுத்தத்தை அளந்தார். பின் நிற்கவைத்து, 3 நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்தார். மேல் அளவு 20க்கும் அதிகமாக இறங்கியிருந்தது. மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினார், மயக்கமும் நின்றது. கண்டவர் கூறிய சாட்சியமே அங்கு நோயைக் காட்டிக்கொடுத்தது.

எல்லா மயக்கமும் இத்துணை எளிதில் பிடிபடுவதில்லை. அடிக்கடி நினைவிழந்து விழுந்த 68 வயது வரி அதிகாரி ஒருவரைப் பற்றி, அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 1827இல் எழுதினார். மூளைக்கோளாறு என்று தோன்றிய நோய் அது. நாடி நிமிடத்திற்கு 30 அளவே துடிப்பதைக் கண்ட ஆடம்ஸ், குறை இதயத்திலேயே என்று உணர்ந்தார். இன்று அத்தகையோரைக் காக்கப் பேஸ்மேக்கர் உண்டு. ஆயினும், இ.சி.ஜி. எடுக்கும் சில நொடிகளில் துடிப்புச் சீராக இருந்துவிட்டால் நோய் அகப்படாது. அதனாலேயே 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் கருவியும், மார்புத் தோலுக்கடியில் இருந்து ஆண்டுக்கணக்கில் பதியும் சிறு கருவியும் தேவைப்படுகின்றன.

எனவே, அன்பர்களே, விழுந்த நேரம், அப்போது செய்த செயல், முகம் வெளுத்ததா, கைகால் இழுத்ததா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார், உண்ணும் மாத்திரைகள் யாவை என்பனவற்றைத் தாளில் குறித்து மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உழைக்கும்போதோ, படுத்திருக்கும்போதோ, முன்னறிகுறி ஏதுமின்றியோ மயங்கினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தாம் விழுவதைத் தாமே காண இயலாதவர் அவர். அவருக்காகக் கண்டு சொல்லும் கடமை நம்முடையதன்றோ!